ஷெல் உள்நுழைவுக் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் பேஷ் ஷெல்லை, அதாவது நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கான பக்கம் இது. ஷெல் தொடங்கும்போது தானாகப் படிக்கும் .பேஷ்ஆர்சி, .புரொஃபைல் போன்ற அமைப்புக் கோப்புகளைப் பற்றியது. டெபியன், உபுண்டு இரண்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மேக் பற்றித் தனியாக ஒரு கேள்வி உண்டு. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் உச்சரிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். பெயருக்கு முன்னால் வரும் புள்ளியும் பெயரின் பகுதிதான். விட்டுவிட்டால் அது வேறு கோப்பு.

எல்லாவற்றையும் .பேஷ்ஆர்சியில் எழுதிவிட்டால் போதாதா? எதற்கு இத்தனை கோப்புகள்?

பெரும்பாலும் போதும். அதனால்தான் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், போதாமல் போகும் நாளில் திண்டாடுகிறார்கள்.

1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் இருந்தது. சூழல் மாறிகளும் (நிரல்களுக்குக் கடத்தப்படும், பெயரும் மதிப்பும் கொண்ட அமைப்புகள்) அந்தப் பதிப்பில்தான் வந்தன. அப்போது ஒருவர் டெர்மினல் முன் அமர்ந்து ஒருமுறை உள்நுழைவார். அவருக்கு ஒரு ஷெல் கிடைக்கும். வேலை முடிந்ததும் வெளியேறுவார். ஆகவே .புரொஃபைல் என்ற ஒரே கோப்பு போதுமாக இருந்தது. கலிபோர்னியாவில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், உள்நுழையும்போது மட்டும் படிக்க ஒரு கோப்பு, ஒவ்வொரு ஷெல்லும் படிக்க ஒரு கோப்பு என்று வேலையைப் பிரித்தது. குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியான பேஷ், இரண்டு மரபுகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. இன்றைய குழப்பத்தில் பாதி அந்தச் சேர்க்கையின் விளைவு.

ஆனால் பிரிவினைக்குப் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது. ஒரு ஷெல்லிலிருந்து இன்னொரு நிரல் தொடங்கும்போது, தாயிடம் இருக்கும் எல்லாமும் சேய்க்குப் போவதில்லை. எக்ஸ்போர்ட் கட்டளையால் குறித்த மாறிகள் போகும், யுமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிப்பது) போகும், நடப்பு அடைவு (நாம் இருக்கும் கோப்புறை) போகும். அலியாஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப்பெயர்), பிராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) அமைப்பு, ஷாப்ட் கட்டளை கொண்டு வைத்த விருப்பங்கள், சாதாரணமாக எழுதிய ஃபங்ஷன்கள் ஆகியவை போகாது. போகின்றவற்றை உள்நுழையும்போது ஒருமுறை அமைத்தால் போதும். போகாதவற்றை ஒவ்வொரு ஷெல்லும் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் இனி வரும் பெரும்பாலான விடைகள் இதிலிருந்து கிளைத்தவையே.

தான் உள்நுழைவு ஷெல் என்று ஒரு ஷெல்லுக்கு எப்படித் தெரியும்?

சற்று வேடிக்கையான வழி. ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது அதன் பெயர் முதல் சொல்லாக அதற்குத் தரப்படும். லாகின் நிரலும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரும் ஷெல்லைத் தொடங்கும்போது அந்தப் பெயரின் முன்னால் ஒரு சிறுகோட்டைச் சேர்த்து "-பேஷ்" என்று தருகின்றன. அந்தக் கோட்டைப் பார்த்தால் பேஷ் தன்னை உள்நுழைவு ஷெல் என்று எடுத்துக்கொள்கிறது. நாமே "பேஷ் -எல்" என்று தொடங்கினாலும் அதே பலன்.

சோதிக்க, டாலர் குறியும் சுழியமும் சேர்ந்த மாறியை எக்கோ செய்யுங்கள். சிறுகோட்டோடு வந்தால் உள்நுழைவு ஷெல். "பேஷ் -எல்" கொண்டு தொடங்கிய ஷெல்லில் அந்தக் கோடு இருக்காது என்பதால், "ஷாப்ட் லாகின்_ஷெல்" என்ற கட்டளையே நம்பத்தக்கது. ஆன் அல்லது ஆஃப் என்று நேரடியாகச் சொல்லிவிடும்.

க்னோம் டெர்மினல் இயல்பாக உள்நுழைவு ஷெல்லைத் திறப்பதில்லை. ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்த உதவும் டிமக்ஸ் இயல்பாக உள்நுழைவு ஷெல்லையே திறக்கிறது. ஒரே கணினியில் டிமக்ஸுக்குள் ஒரு நடத்தை, வெளியே ஒரு நடத்தை என்று வியக்கிறவர்களுக்கு விடை இதுதான்.

எந்தக் கோப்பு எந்த வரிசையில் படிக்கப்படுகிறது?

உள்நுழைவு ஷெல் முதலில் ஈடிசி அடைவில் உள்ள புரொஃபைல் கோப்பைப் படிக்கும். அது எல்லாப் பயனர்களுக்கும் பொது. டெபியனில் அந்தக் கோப்பே, புரொஃபைல்.டி என்ற அடைவில் இருக்கும் .எஸ்ஹெச் என முடியும் கோப்புகளையும் படித்துவிடுகிறது. பிறகு உங்கள் ஹோம் அடைவில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்காது.

அந்த "ஒன்றை மட்டும்" என்பதில்தான் பொறி இருக்கிறது. உபுண்டுவில் புதிய பயனருக்குக் கிடைப்பது .புரொஃபைல். பிறகு ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவி, நல்லெண்ணத்தோடு .பேஷ்_புரொஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் தன் ஒற்றை வரியை எழுதிவைக்கும். அடுத்த முறை உள்நுழையும்போது .புரொஃபைல் படிக்கப்படாது, அதன் வழியாகப் படிக்கப்பட்டுவந்த .பேஷ்ஆர்சியும் படிக்கப்படாது. நிறமில்லாத பிராம்ப்ட், காணாமல்போன அலியாஸ்கள், பிழைச் செய்தி எதுவும் இல்லை. இப்படி நேர்ந்தால் முதலில் "எல்எஸ் -ஏ" போட்டு, அழையா விருந்தாளியாக ஒரு .பேஷ்_புரொஃபைல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரியை .புரொஃபைலுக்கு மாற்றிவிட்டுக் கோப்பை நீக்குங்கள்.

உள்நுழைவு அல்லாத ஊடாடும் ஷெல் (நாம் கட்டளைகளைத் தட்டிப் பயன்படுத்துவது) .பேஷ்ஆர்சியை மட்டும் படிக்கும். டெபியனில் அதற்கு முன் ஈடிசியில் உள்ள பேஷ்.பேஷ்ஆர்சியும் படிக்கப்படும். ஸ்கிரிப்டை இயக்கும் ஷெல் இவற்றில் எதையும் படிக்காது. பேஷ்_என்வ் என்ற மாறியில் கோப்பின் பெயர் இருந்தால் அதை மட்டும் படிக்கும். பேஷ்_என்வை வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எல்லா ஸ்கிரிப்டின் நடத்தையையும் கண்ணுக்குத் தெரியாமல் மாற்றும் ஒன்றை ஒரு வருடம் கழித்து யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அப்படியானால் எதை எங்கே எழுதுவது?

பாத், எடிட்டர், லாங் போன்ற மாறிகளும் யுமாஸ்க்கும் .புரொஃபைலில். அலியாஸ், பிராம்ப்ட், கட்டளை வரலாற்றின் அளவு, தாவல் விசை நிரப்பு ஆகியவை .பேஷ்ஆர்சியில். .புரொஃபைல், .பேஷ்ஆர்சியைச் சோர்ஸ் செய்யட்டும், அதாவது அதே ஷெல்லுக்குள் படித்து இயக்கட்டும். உபுண்டுவில் அது ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. ஃபெடோராவில் .புரொஃபைலுக்குப் பதில் .பேஷ்_புரொஃபைல் இருக்கும், அதுவும் .பேஷ்ஆர்சியை அழைக்கும்.

.புரொஃபைலில் பேஷுக்கே உரிய இலக்கணத்தைத் தவிருங்கள். இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனை, அணி மாறிகள், சோர்ஸ் என்ற சொல் ஆகியவை அங்கே வேண்டாம். சோர்ஸுக்குப் பதில் ஒற்றைப் புள்ளி போதும். பல வரைகலை உள்நுழைவுத் திரைகள் அந்தக் கோப்பை எஸ்ஹெச் கொண்டு படிக்கின்றன. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்ஹெச் என்பது பேஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய ஷெல்.

பாத் மாறியில் என் அடைவை முன்னால் சேர்ப்பதா, பின்னால் சேர்ப்பதா?

பாத் என்பது முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அடைவுப் பட்டியல். ஷெல் இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் கண்டதை இயக்கும். கணினியோடு வந்த பைத்தானுக்குப் பதில் நீங்கள் நிறுவியது ஓட வேண்டுமென்றால் உங்கள் அடைவு முன்னால் வர வேண்டும். புதிய கட்டளைகளைச் சேர்ப்பது மட்டும்தான் நோக்கமென்றால் பின்னால் சேருங்கள். கணினியின் கட்டளை எதையும் தெரியாமல் மறைத்துவிட மாட்டீர்கள்.

எப்படிச் சேர்த்தாலும் பழைய மதிப்பை, அதாவது டாலர் குறியோடு பாத் என்பதை, வரியில் மறக்காமல் எழுதுங்கள். மறந்தால் அந்த ஷெல்லில் எல்எஸ் கூடக் கிடைக்காது. பதற வேண்டாம்: எல்எஸ், நானோ முதலியவை யுஎஸ்ஆர் அடைவின் உள்ளே உள்ள பின் அடைவில் அப்படியே இருக்கின்றன. முழுப் பாதையையும் தட்டி நானோவைத் திறந்து வரியைத் திருத்தலாம்.

நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியைப் பாத்தில் சேர்க்காதீர்கள். பலர் எழுதக்கூடிய டிஎம்பி போன்ற அடைவில் யாராவது எல்எஸ் என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்டை வைத்திருந்தால், நீங்கள் அங்கே போய் எல்எஸ் தட்டியதும் அவருடைய ஸ்கிரிப்ட் உங்கள் உரிமையோடு ஓடும். புள்ளியைக் கடைசியில் வைத்தால் ஆபத்து குறையும். ஆனால் எல்எஸ் என்பதைத் தவறாக எஸ்எல் என்று தட்டாதவர் யார்? இதில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு: பட்டியலின் தொடக்கத்திலோ முடிவிலோ தனித்து நிற்கும் முக்காற்புள்ளியும், அடுத்தடுத்து வரும் இரண்டு முக்காற்புள்ளிகளும் நடப்பு அடைவையே குறிக்கும். ஒரு மாறி காலியாக இருக்கும்போது அதைப் பாத்தில் ஒட்டினால் இது தானாக நேர்ந்துவிடும்.

பாத் வரியை .பேஷ்ஆர்சியில் வைத்தால், ஷெல்லுக்குள் ஷெல் திறக்கும்போதெல்லாம் அதே அடைவு மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தேடல் முடிவு மாறாது, பார்க்கத்தான் அலங்கோலம்.

ஹோம் அடைவில் பின் என்ற அடைவை உருவாக்கி ஸ்கிரிப்டை வைத்தேன். கட்டளை இல்லை என்கிறதே?

உபுண்டுவின் .புரொஃபைல், அந்த அடைவு இருந்தால் மட்டுமே அதைப் பாத்தில் சேர்க்கும். நீங்கள் உள்நுழைந்தபோது அது இல்லை. வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கோப்பை மாற்றிச் சேமித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஷெல் அந்தக் கோப்பைத் தொடங்கும்போது படித்ததோடு சரி, அதன்பின் கண்காணித்துக்கொண்டிருப்பதில்லை. இப்போதைய ஷெல்லிலேயே மாற்றம் வேண்டுமென்றால் கோப்பைச் சோர்ஸ் செய்யுங்கள். சாதாரண ஸ்கிரிப்டைப் போல இயக்கினால் பயனில்லை: அது சேய்ச் செயல்முறையில் ஓடி, அங்கே மாறியை மாற்றி, அங்கேயே முடிந்துபோகும். சேய்க்குக் கிடைப்பது தாயின் சூழலின் ஒரு நகல். அதில் செய்யும் மாற்றம் தாய்க்குத் திரும்பி வர வழியே இல்லை.

சோர்ஸ் செய்வதிலும் ஒரு குறை உண்டு. கோப்பிலிருந்து நீங்கள் நீக்கிய அலியாஸ் ஷெல்லில் அப்படியே இருக்கும், சேர்த்தவைதான் வரும். துப்புரவாகச் சோதிக்க வேண்டுமென்றால் புதிதாக உள்நுழைவதே நல்லது.

கட்டளையின் இடம் மாறியும் ஷெல் பழைய இடத்தையே தேடுகிறதென்றால், அது முன்பு கண்ட இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. "ஹேஷ் -ஆர்" அதை மறக்கடிக்கும். "டைப் -ஏ" என்று தட்டிக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் உள்ள அலியாஸ், ஃபங்ஷன், கோப்பு எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். விச் கட்டளையை விட இதை நம்பலாம்.

டெர்மினலில் கிடைக்கும் மாறி, மெனுவிலிருந்து திறக்கும் மென்பொருளுக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

மெனுவிலிருந்து திறக்கும் மென்பொருளின் தாய் உங்கள் டெர்மினல் அல்ல, வரைகலை அமர்வு. அது .பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. மாறியை .புரொஃபைலுக்கு மாற்றி, முழுமையாக வெளியேறி உள்நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உள்நுழைவுத் திரையைப் பொறுத்து இதில் வேறுபாடு உண்டு. சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) உள்ள கணினிகளில் இன்னொரு வழி: ஹோம் அடைவில் .கான்ஃபிக் என்பதன் உள்ளே என்விரான்மென்ட்.டி என்ற அடைவை உருவாக்கி, .கான்ஃப் என முடியும் கோப்பில் மாறியை எழுதலாம்.

ஈடிசியில் உள்ள என்விரான்மென்ட் கோப்பு எல்லாப் பயனர்களுக்கும் பொது. அதைப் படிப்பது ஷெல் அல்ல, பாம் என்ற உள்நுழைவு ஏற்பாடு. ஆகவே அங்கே பெயர், சமக்குறி, மதிப்பு மட்டுமே எழுதலாம். டாலர் குறியோடு பாத் என்று எழுதினால் அது விரிவடையாது, அந்த எழுத்துகளே மதிப்பாகிவிடும். அதன் விளைவை எல்லாப் பயனர்களும் சேர்ந்து அனுபவிப்பார்கள்.

.பேஷ்ஆர்சியில் ஒரு வரவேற்புச் செய்தி வைத்தேன். அன்றிலிருந்து கோப்பு நகலெடுப்பது நின்றுவிட்டது.

எஸ்எஸ்ஹெச் வழியாக எஸ்எஃப்டிபி, ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் நிரல்கள் ஓடும்போது, மறுமுனையில் உங்கள் ஷெல் ஊடாடாத முறையில் தொடங்குகிறது. ஆனாலும் தொலைவிலிருந்து அழைக்கப்பட்டதை அறிந்து பேஷ் .பேஷ்ஆர்சியைப் படிக்கிறது. அங்கே நீங்கள் எக்கோ செய்த வணக்கம், இரு நிரல்களும் பேசிக்கொள்ளும் தரவின் நடுவே போய் விழுகிறது. எதிர்முனை அதை ஒரு செய்தியின் நீளம் என்று எண்ணி, மிக நீண்ட செய்தி வந்துவிட்டது என்று புலம்பி நின்றுவிடும்.

டெபியனின் .பேஷ்ஆர்சி தொடக்கத்திலேயே, ஷெல் ஊடாடும் வகையா என்று சோதித்து, இல்லையென்றால் திரும்பிவிடும். எதையும் அச்சிடும் வரிகள் அந்தச் சோதனைக்குக் கீழே இருக்கட்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கோப்பின் கடைசியில் நீங்கள் சேர்த்த பாத் வரி, எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு சேர்த்து நேரடியாக அனுப்பும் வேலைகளுக்குக் கிடைக்காது. அவற்றுக்கு முழுப் பாதையைக் கொடுத்துவிடுவதே மேல்.

ரூட்டாக (கணினியின் நிர்வாகிப் பயனராக) மாறியபின் நிர்வாகக் கட்டளைகள் கிடைப்பதில்லையே?

"சூ" என்று மட்டும் தட்டியிருப்பீர்கள். அது ரூட்டின் உள்நுழைவுக் கோப்புகளைப் படிக்காது. 2019இல் வந்த டெபியன் 10 முதல், வெறும் சூ பாத்தையும் மாற்றுவதில்லை. நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் அடைவுகள் பட்டியலில் இல்லாததால் கட்டளை இல்லை என்ற செய்தி வரும். "சூ -" என்று சிறுகோட்டோடு தட்டுங்கள், அல்லது "சூடோ -ஐ" பயன்படுத்துங்கள். சூடோ தனக்கென ஒரு பாத் பட்டியலை வைத்திருக்கிறது, நீங்கள் .புரொஃபைலில் சேர்த்தது அங்கே செல்லாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதை மாற்றாதீர்கள்.

கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடுவதில்லை.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், உங்கள் உள்நுழைவுக் கோப்புகள் எதையும் படிக்காது. எஸ்ஹெச், மிகக் குறுகிய ஒரு பாத், ஹோம் ஆகியவற்றோடு சரி. வேண்டிய மாறிகளை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

சர்வரில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகத் தெரிகின்றன.

பின்சாய்கோடும் 340, 256 என்ற எண்களும் திரும்பத் திரும்பத் தெரிந்தால், கோப்புப் பெயர் கெடவில்லை என்று நிம்மதி கொள்ளலாம். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முதல் இரண்டு பைட்டுகளை எட்டின் அடிப்படையில் (ஆக்டல்) எழுதிய மதிப்புகளே அவை. லொகேல் (மொழியையும் எழுத்துக் குறியீட்டு முறையையும் சொல்லும் அமைப்பு) யுடிஎஃப்-8 அல்லாததாக இருப்பதால் எல்எஸ் அவற்றை எழுத்தாகக் காட்டத் தயங்குகிறது.

"லொகேல்" என்று தட்டி இப்போதைய நிலையையும், "லொகேல் -ஏ" என்று தட்டி அந்தக் கணினியில் இருப்பவற்றையும் பாருங்கள். .புரொஃபைலில் லாங் மாறிக்கு அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றையே கொடுங்கள். தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டு லொகேல்கள் உண்டு. டெபியனில் அவற்றை லொகேல்-ஜென் கொண்டு முதலில் உருவாக்க வேண்டும். சர்வரில் தமிழ் எழுத்து தெரிந்தால் மட்டும் போதும், செய்திகள் தமிழில் வர வேண்டியதில்லை என்றால் சி.யுடிஎஃப்-8 என்பதே எளிது.

உங்கள் மடிக்கணினியில் தமிழ் லொகேல் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை வரலாம். டெபியனில் எஸ்எஸ்ஹெச் உங்கள் லாங் மதிப்பைச் சர்வருக்கும் அனுப்புகிறது. அங்கே அந்த லொகேல் இல்லையென்றால், பெர்ல் நிரல் ஒவ்வொரு முறையும் லொகேல் அமைக்க முடியவில்லை என்று ஒரு பத்தி எச்சரிக்கையைக் கொட்டும். சர்வரில் லொகேலை உருவாக்குங்கள், அல்லது அனுப்புவதை நிறுத்துங்கள். எல்சி_ஆல் மாறியை நிரந்தரமாக வைத்து இதைத் தீர்க்கச் சொல்வார்கள். அது மற்ற எல்லா லொகேல் மாறிகளையும் அமுக்கிவிடும் என்பதால் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கில் இதெல்லாம் பொருந்துமா?

கருத்து பொருந்தும், பெயர்கள் மாறும். 2019இல் வந்த கேட்டலினா முதல் மேக்கின் இயல்பு ஷெல் இசட்ஷெல். அது .இசட்எஸ்ஹெச்என்வ் கோப்பை எப்போதும், .இசட்புரொஃபைலை உள்நுழையும்போது, .இசட்எஸ்ஹெச்ஆர்சியை ஊடாடும்போது படிக்கும். மேக்கின் டெர்மினல் ஒவ்வொரு சாளரத்திலும் உள்நுழைவு ஷெல்லைத் திறப்பதால், எதை எங்கே எழுதினாலும் வேலை செய்வதுபோல் தோன்றும். பாத்தை மட்டும் .இசட்எஸ்ஹெச்என்வில் எழுதாதீர்கள்: அதற்குப் பிறகு ஓடும் பாத்_ஹெல்பர், கணினியின் அடைவுகளை முன்னால் தள்ளி உங்களுடையதைப் பின்னால் போட்டுவிடும். .இசட்புரொஃபைல் சரியான இடம்.

கடவுச்சொல், ஏபிஐ திறவுகோல் ஆகியவற்றை எக்ஸ்போர்ட் செய்து வைக்கலாமா?

வசதிதான். ஆனால் நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் நகல் போகிறது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் புரோக் அடைவின் வழியே உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும், ரூட்டும் அதைப் படிக்கலாம். உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய 600 அனுமதியுள்ள தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும் நிரல் மட்டும் படிக்கும்படி செய்யுங்கள்.

கோப்பில் ஏதோ பிழை. இப்போது உள்நுழையவே முடியவில்லை.

எக்ஸிட் என்ற சொல்லோ, தன்னையே மீண்டும் அழைக்கும் சோர்ஸ் வரியோ இருக்கும். பிழை .புரொஃபைலில் என்றால், எஸ்எஸ்ஹெச் கட்டளையின் இறுதியில் ஒரு கட்டளையைச் சேர்த்து அனுப்புங்கள். அப்போது உள்நுழைவு ஷெல் தொடங்காது. கோப்பின் பெயரை மாற்றும் எம்வி கட்டளையையே அப்படி அனுப்பிவிடலாம். பிழை .பேஷ்ஆர்சியின் உச்சியில் என்றால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்; வேறு பயனராகவோ ரூட்டாகவோ நுழைந்து பெயரை மாற்ற வேண்டும். விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்த கோப்பென்றால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒட்டியிருக்கும் கூடுதல் குறியும் காரணமாக இருக்கலாம்.

தொலைவில் உள்ள சர்வரில் இந்தக் கோப்புகளைத் தொடும்போது, திறந்திருக்கும் அமர்வை மூடாமல் இன்னொரு சாளரத்தில் உள்நுழைந்து பாருங்கள். சேமித்தபின், உள்நுழைந்து பார்க்கும் முன் "பேஷ் -என்" என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கோப்பை இயக்காமலே இலக்கணப் பிழைகளைச் சொல்லும்.

உள்நுழைய ஐந்தாறு விநாடி ஆகிறது. எது தாமதப்படுத்துகிறது?

பெரும்பாலும் என்விஎம், கோண்டா போன்ற நிரல்மொழிப் பதிப்புகளை மேலாளும் கருவிகள் .பேஷ்ஆர்சியில் சேர்த்த தொடக்க வரிகள். அல்லது இப்போது இணைப்பில்லாத பிணைய அடைவு ஒன்று பாத்தில் இருக்கும். "பேஷ் -எல்எக்ஸ்" என்று தொடங்கினால், இயங்கும் ஒவ்வொரு வரியும் திரையில் ஓடும். ஓட்டம் எங்கே நிற்கிறதென்று கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, தேவைப்படும்போது மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள்.